மருத்துவர் போட்ட ‘நாலு’

கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போகிறவரைப் பெண்ணின் தகப்பனார் மறித்து, “சாப்பாடு திருப்திதானே?” என்று கேட்பார். “இல்லைங்க, ரசத்தில் உப்பு இல்லை, பாயசம் என் இலைக்கு வரவே இல்லை” என்று பதில் சொன்ன ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. “பரம திருப்தி” என்கிறோம், நகர்ந்துவிடுகிறோம். கேட்டவருக்கும் அது தெரியும். அந்தக் கேள்வி தகவலுக்காகக் கேட்கப்படுவதில்லை, மரியாதைக்காகக் கேட்கப்படுவது.

மருத்துவ ஆராய்ச்சி இதே கேள்வியைத் தகவலுக்காகக் கேட்கிறது. குழந்தையின் தோலை நேரில் பார்க்காமல், செல்போனில் வந்த படத்தைப் பார்த்தோ வீடியோவில் பேசியோ ஆலோசனை சொல்லும் மருத்துவரிடம் ஒரு படிவம் நீட்டப்படுகிறது. ‘இந்த முறை உங்களுக்கு எவ்வளவு திருப்தி? 1 முதல் 5 வரை.’ அவர் 4-ஐ வட்டமிட்டுவிட்டு அடுத்த குழந்தையைப் பார்க்கப் போகிறார். அந்த நாலுகளையெல்லாம் கூட்டி வகுத்து ‘மருத்துவர்களின் சராசரித் திருப்தி 4.1’ என்று அறிக்கை எழுதப்படுகிறது. அந்த நாலுக்கு என்ன பொருள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

தொலைவிலிருந்து மருத்துவம் பார்ப்பதற்குத் தோலைப் போல வசதியான உறுப்பு வேறில்லை. ஈரலைப் படம் எடுக்க இயந்திரம் வேண்டும், தோலுக்கு ஒரு செல்போன் போதும். 1995-இல் அமெரிக்காவில் ‘டெலிடெர்மட்டாலஜி’ என்ற பெயர் சூட்டப்பட்ட காலத்திலிருந்து இதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, படத்தையும் நோய் விவரத்தையும் அனுப்பி வைத்துவிடுவது. நிபுணர் நேரம் கிடைக்கும்போது திறந்து பார்த்துப் பதில் எழுதுவார். மற்றொன்று, நேரடி வீடியோ. முதல் வழியில் படம் தெளிவாக இருக்கும், ஆனால் கேள்வி கேட்க முடியாது. இரண்டாவதில் கேள்வி கேட்கலாம், ஆனால் படம் கலங்கும். இரண்டையும் சேர்த்துச் செய்பவர்களும் இருக்கிறார்கள்.

குழந்தைகளுக்கு இதன் தேவை கூடுதல். பெரியவர்களின் தோலைப் பார்ப்பவர் வேறு, குழந்தைகளின் தோலையே சிறப்பாகப் படித்தவர் வேறு. இரண்டாவது வகையினர் எந்த நாட்டிலும் குறைவு. அமெரிக்காவிலேயே அந்தப் பிரிவுக்குத் தனித் தேர்வு 2004-இல்தான் தொடங்கியது. பெருநகரத்தைத் தாண்டினால் அப்படி ஒருவரைத் தேடிப் பிடிப்பது கடினம்.

சரி, வைத்தியம் பார்ப்பவர் திருப்தியாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? குழந்தைக்குக் குணமானால் போதாதா? போதாது. நோயாளிகள் எவ்வளவு கொண்டாடினாலும், மருத்துவருக்குப் பிடிக்காத கருவி சில மாதங்களில் மேசை இழுப்பறைக்குள் போய்விடும். தொலை மருத்துவத் திட்டங்கள் தொடக்க விழாவில் விளக்கேற்றி, இரண்டாம் ஆண்டில் தூசி படிந்து கிடப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அதனால் மருத்துவரைக் கேட்பது சரிதான். ஆனால் எந்த மருத்துவரை?

இந்த ஏற்பாட்டில் மருத்துவர்கள் இரண்டு முனையிலும் இருக்கிறார்கள். ஒரு முனையில் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு படம் அனுப்பும் குழந்தை நல மருத்துவர் அல்லது ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர். மறுமுனையில் படத்தைத் திறக்கும் தோல் நிபுணர். 2004-இல் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றில் நடந்த ஆய்வு வெளியானது. அங்கே நோயாளிகள் பெரியவர்கள்தான், ஆனால் பாடம் பொது. படம் அனுப்பிய மருத்துவர்களில் 92 சதவீதம் பேர் திருப்தி என்றார்கள். படத்தைப் பார்த்துப் பதில் சொன்ன தோல் நிபுணர்களில் 75 சதவீதம் பேர்தான் அப்படிச் சொன்னார்கள்.

இது ஆச்சரியமே இல்லை. அனுப்பியவருக்குப் பாரம் இறங்குகிறது. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நிபுணரின் பதில் விரைவில் வருகிறது. அடுத்த முறை அதே தடிப்பு வந்தால் தானே கண்டுகொள்ளும் அளவுக்குப் பாடமும் கிடைக்கிறது. நிபுணருக்கோ பாரம் ஏறுகிறது. கையெழுத்து அவருடையது, தவறினால் பழியும் அவருடையது, கையில் இருப்பதோ ஒரு படம். இந்த இருவரையும் ஒரே அட்டவணையில் போட்டு ‘மருத்துவர்களின் திருப்தி’ என்று சராசரி எடுப்பது, பெண் வீட்டாரையும் மாப்பிள்ளை வீட்டாரையும் சேர்த்து நிறுத்தி ‘சீர் திருப்தியா?’ என்று கேட்பதைப் போன்றது.

நிபுணருக்கு என்ன குறைகிறது என்று பார்ப்போம். முதலில் விரல். தோல் மருத்துவர் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை. தடவிப் பார்க்கிறார், சொரசொரப்பா வழவழப்பா, கட்டி மேலோட்டமா ஆழமா, சூடு இருக்கிறதா என்று அறிகிறார். குழந்தையின் உடலில் வெளிறிய தேமல் ஒன்று இருந்தால், பெரும்பாலும் அது தானாக மறைகிற சாதாரண விஷயம். ஆனால் தொழுநோயின் தொடக்கமும் அப்படித் தோன்றலாம். பஞ்சால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பிரித்தறியும் வழிகளில் ஒன்று. படத்துக்கு உணர்ச்சி கிடையாது. சில சோதனைகளைத் தாயின் கையாலேயே செய்ய வைக்கலாம். சிவந்த புள்ளிகள் மேல் கண்ணாடி டம்ளரை அழுத்தச் சொன்னால், சிவப்பு மறைகிறதா என்று வீடியோவிலேயே தெரியும். மறையாவிட்டால் ரத்தம் குழாயை விட்டுக் கசிந்திருக்கிறது, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நிலையாக இருக்கலாம்.

அடுத்தது நிறம். தோல் மருத்துவப் பாடப் புத்தகங்கள் நெடுங்காலம் வெள்ளைத் தோலைப் பார்த்தே எழுதப்பட்டன. தோல் நிறத்தை வகைப்படுத்த இன்றும் பயன்படும் அளவுகோலை ஹார்வர்டின் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975-இல் வகுத்தபோது, அது வெள்ளையர்களுக்கு ஒளிச் சிகிச்சையின் அளவைத் தீர்மானிக்கத்தான். பழுப்பும் கருப்பும் பிறகு சேர்க்கப்பட்டவை. நம் குழந்தைகளின் தோலில் அழற்சியின் ‘சிவப்பு’ சிவப்பாகத் தெரியாது. ஊதாவாக, சாம்பலாக, கரும்பழுப்பாகத் தெரியும். அதற்கு மேல் செல்போன் கேமரா தன் போக்கில் நிறத்தைத் ‘திருத்தி’ வைக்கும். டியூப்லைட்டில் எடுத்த படம் ஒரு நிறம், ஜன்னலோரம் எடுத்தது வேறு நிறம். ஜவுளிக் கடையில் சேலையை வாசல் வரை தூக்கிப்போய் வெயிலில் விரித்துப் பார்க்கும் அம்மாக்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் குழந்தையின் தடிப்பைப் படம் எடுக்கும்போது மட்டும் அவர்களுக்கே இது மறந்துவிடுகிறது.

மூன்றாவது, பூச்சு. இது நம் ஊருக்கே உரிய தலைவலி. அக்கி என்றால் காவி மண்ணைக் குழைத்து மேலே எழுதி விடுகிறோம். வேர்க்குரு என்றால் பவுடர். சொறி என்றால் மஞ்சள், தேங்காயெண்ணெய். நிபுணருக்கு வரும் படத்தில் நோய் இருக்காது, வைத்தியம்தான் இருக்கும். இவற்றையெல்லாம்விட மோசம், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு க்ரீம். படர்தாமரையின் அடையாளமே அதன் வளைந்த சிவந்த விளிம்புதான். ஸ்டீராய்டு அந்த விளிம்பை அழித்து, பூஞ்சையை மட்டும் உள்ளே கொழுக்க விடுகிறது. படத்தைப் பார்ப்பவர் ஏமாறுவதற்கு வேறென்ன வேண்டும்? 2018-இல் பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதியை இறுக்கியது. விதி இருக்கிறது, க்ரீமும் கிடைக்கிறது.

நான்காவது, குழந்தையேதான். ஒரு வயதுப் பிள்ளை ஆடாமல் அசையாமல் தொடையைக் காட்டிக்கொண்டு படுக்காது. எங்கே அரிக்கிறது என்று சொல்லவும் தெரியாது. டயப்பர் மறைக்கும் இடத்தில் புண் என்றால் இன்னொரு சங்கடம்: ஒரு குழந்தையின் அந்தரங்கப் பகுதியின் படம் தன் செல்போனில் கிடப்பதை எந்த மருத்துவர் நிம்மதியாக ஏற்பார்? இதைக் கேட்காத படிவம் பாதிப் படிவம்தான்.

இத்தனை குறை இருந்தும் படத்தைப் பார்த்துச் சொல்வது எந்த அளவுக்குச் சரியாக வருகிறது? ஃபிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனை செய்த ஆய்வு ஒன்று 2017-இல் வெளியானது. 40 குடும்பங்கள். பெற்றோரே செல்போனில் படம் எடுத்தார்கள். படத்தைப் பார்த்து ஒரு மருத்துவர் நோயைச் சொன்னார், நேரில் பார்த்து மற்றொருவர் சொன்னார். 83 சதவீதம் ஒத்துப்போனது. படம் சரியாக வராத மூன்று குழந்தைகளை விட்டுவிட்டு, மீதி 37 பேரை மட்டும் எடுத்தால் 89 சதவீதம். ஒரு பகுதிப் பெற்றோருக்கு எப்படிப் படம் எடுப்பது என்று குறிப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். குறிப்பு பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே சொல்லும்படியான வேறுபாடு தெரியவில்லை. 40 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, ஆகவே இதையே கடைசி வார்த்தையாகக் கொள்ள வேண்டாம்.

‘83 சதவீதம் ஒத்துப்போனது’ என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஓர் ஊரில் தோல் தொந்தரவோடு வரும் 100 குழந்தைகளில் 80 பேருக்குக் கரப்பான்தான் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மருத்துவர்கள் படத்தையே பார்க்காமல், பத்துக்கு எட்டு முறை ‘கரப்பான்’ என்றும் இரண்டு முறை ‘வேறு’ என்றும் குருட்டாம்போக்கில் எழுதினாலும் 100-க்கு 68 முறை ஒத்துப்போவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 0.8-ஐ 0.8-ஆல் பெருக்கினால் 0.64, 0.2-ஐ 0.2-ஆல் பெருக்கினால் 0.04. அந்த ஊரில் 83 சதவீதம் என்பது பெருமைப்பட ஒன்றுமில்லை. தற்செயலாக வரும் ஒற்றுமையைக் கழித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் மதிப்பிடும் அளவை 1960-இல் ஜேக்கப் கோஹன் என்ற உளவியலாளர் கொடுத்தார். அதற்கு ‘கப்பா’ என்று பெயர். முழு ஒற்றுமைக்கு 1, வெறும் தற்செயலுக்கு 0. நம் கற்பனை ஊரில் 83 சதவீதத்தின் கப்பா 0.47 மட்டுமே. ஃபிலடெல்பியாவில் அது 0.81. நோய்கள் பலவகையாக இருந்ததால் அங்கே கண்ணை மூடிக்கொண்டு சொல்லித் தப்பிக்க வழியில்லை.

ஒற்றுமையை அளக்க இவ்வளவு நுட்பம் காட்டும் மருத்துவம், திருப்தியை அளக்கும்போது மட்டும் 1 முதல் 5 வரை ஒரு கோடு போட்டு முடித்துக்கொள்கிறது. அந்தக் கோட்டைக் கண்டுபிடித்தவர் இதைப் பார்த்தால் வருத்தப்படுவார். 1932-இல் அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் மனப்பாங்கை அளக்க முன்வைத்த முறையில் ஒரே கேள்வி கிடையாது. ஒரு பொருளைச் சுற்றிப் பல வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ‘முழுமையாக ஏற்கிறேன்’ முதல் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை பதில், கடைசியில் எல்லாவற்றின் கூட்டல். ஒரு கேள்விக்கு ஒருவர் ஏனோதானோவென்று டிக் அடித்தாலும் மற்றவை அதைச் சமன்செய்யும். வாக்கியங்கள் ஒரே பொருளைத்தான் அளக்கின்றனவா என்று சரிபார்க்க 1951-இல் லீ கிரான்பாக் ஓர் எண்ணையும் தந்தார்.

வாக்கியங்களைத் தலைகீழாகவும் எழுத வேண்டும். ‘இந்த முறை வசதியானது’ என்று ஒன்று கேட்டால், ‘இந்த முறை தேவையில்லாமல் சிக்கலாக இருக்கிறது’ என்று இன்னொன்று. 1986-இல் ஜான் புரூக் கணினிக் கருவிகளுக்காக உருவாக்கிய பத்து வாக்கிய அளவுகோல் இப்படித்தான் ஒன்றுவிட்டு ஒன்று திருப்பிப் போடும். எல்லாவற்றுக்கும் ‘ஆமாம் ஆமாம்’ என்று வரிசையாக டிக் அடித்துப் போகிறவர் அதில் மாட்டிக்கொள்வார். பந்தி வாசலின் ‘பரம திருப்தி’யைப் பிடிப்பதற்கான தூண்டில் இது.

சராசரியும் ஏமாற்றும். ஒரு மருத்துவமனையின் பத்து மருத்துவர்களில் ஐவர் 5 போட்டு ஐவர் 1 போட்டால் சராசரி 3. இன்னொன்றில் பத்துப் பேரும் 3 போட்டாலும் சராசரி 3. முதல் மருத்துவமனையில் சண்டை நடக்கிறது, இரண்டாவதில் தூக்கம் நடக்கிறது. அறிக்கையில் இரண்டும் ஒன்று. பதில் தராதவர்களை யார் கணக்கில் எடுப்பது? ஹோட்டல் கல்லாவில் வைத்திருக்கும் கருத்துப் புத்தகத்தில் எழுதுபவர் அங்கே சாப்பிட வந்தவர். போன மாதத்தோடு வருவதையே நிறுத்திவிட்டவர் அதில் எழுதுவதில்லை.

இன்னொரு சிக்கல் உண்டு. உளவியலாளர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-இல், சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்கர்களிடமும் பேசி, வேலையில் மகிழ்ச்சி தருபவை வேறு, எரிச்சல் தருபவை வேறு, ஒன்றின் மறுபக்கம் மற்றொன்று அல்ல என்றார். அவர் முடிவைப் பிற்பாடு பலர் மறுத்தார்கள். ஆனால் நம் விஷயத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது என்பேன். மலையடிவாரத்துக் குழந்தை ஒன்றை 100 கிலோமீட்டர் அலையவிடாமல் குணமாக்கியதில் நிபுணருக்குப் பெருமகிழ்ச்சி. அதே நாளில் மூன்று முறை கடவுச்சொல் கேட்ட மென்பொருள் மீது கொலைவெறி. இந்த இரண்டையும் ஒரே கோட்டில் வைத்தால், ஒன்று மற்றொன்றை அடித்து நடுவில் ‘3’ வந்து நிற்கும். மகிழ்ச்சியும் போயிற்று, எரிச்சலும் போயிற்று.

எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை, கேட்கும் நேரம். படிவம் எப்போது தரப்படுகிறது? ஆலோசனை முடிந்த கையோடு. அப்போது மருத்துவருக்குத் தான் சொன்னது சரியா தவறா என்று தெரியாது. தவறாகச் சொன்னவரும் அன்று திருப்தியாகத்தான் வீட்டுக்குப் போவார். இதற்கு வழி, ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக ‘இந்த முடிவில் உங்களுக்கு எத்தனை சதவீதம் நம்பிக்கை?’ என்று கேட்டு, பிறகு நேரில் பார்த்த முடிவோடு ஒப்பிடுவது. வானிலை ஆய்வாளர் ‘70 சதவீதம் மழை’ என்று சொன்ன நாட்களில் பத்துக்கு ஏழு நாள் மழை பெய்தால் அவர் சொல் நம்பத்தக்கது. மருத்துவர் ‘90 சதவீதம் நம்பிக்கை’ என்று எழுதிய குழந்தைகளில் பத்துக்கு ஆறு பேருக்குத்தான் சரியாக வந்தது என்றால், அவருடைய திருப்திதான் ஆபத்து.

சில நோய்களில் நேரமே எல்லாம். பிறந்த சில நாட்களில் தோன்றிப் புசுபுசுவென்று வளரும் சிவப்பு ரத்தக்குழல் கட்டி ஒன்று உண்டு. பெரும்பாலும் தானாக வடியும், ஆனால் கண்ணருகிலோ உதட்டிலோ வந்தால் பார்வையையோ முகத்தையோ கெடுத்துவிடும். 2008-இல் பிரான்சின் போர்தோ நகரில், இதயத்துக்காகப் ப்ரோப்ரனலால் மருந்து பெற்ற குழந்தைக்கு இந்தக் கட்டி சுருங்கியதைத் தற்செயலாகக் கண்டார்கள்; அன்று முதல் அதுவே மருந்து. அந்த மருந்தை எப்போது தொடங்குவது? பெற்றோர் தங்கள் ஆசைக்கு எடுத்து வைத்திருந்த 30 குழந்தைகளின் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்து, 2012-இல் மேகா டோலஃப்சன், இலோனா ஃப்ரீடன் என்ற இரு மருத்துவர்கள் விடை சொன்னார்கள். கட்டி மிக வேகமாக வளர்வது ஐந்தரை முதல் ஏழரை வாரத்துக்குள். அதாவது நான்காவது வாரத்திலேயே குழந்தை நிபுணர் கண்ணில் பட வேண்டும். நேரில் பார்க்க இரண்டு மாதம் காத்திருப்பதைவிட, கொஞ்சம் மங்கலான படம் இன்றே வருவது இங்கே எத்தனையோ மேல். நிபுணர் அந்தப் படத்துக்கு ‘திருப்தி 2’ என்று போட்டிருக்கலாம். குழந்தையின் கண் அந்த ‘2’-ஆல்தான் பிழைத்திருக்கும்.

ஆகவே திருப்தி எண் தாழ்ந்திருப்பதாலேயே முறை மோசம் என்றும், உயர்ந்திருப்பதாலேயே நன்று என்றும் முடிவு கட்டுவது தவறு. பந்திக்குச் சமைக்கும் சமையல்காரரைப் பாருங்கள். விருந்தினர் வாயால் சொல்வதை அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. எடுத்துப் போடும் எச்சில் இலைகளைப் பார்க்கிறார். அவியல் அப்படியே கிடந்தால் அவருக்குச் செய்தி கிடைத்துவிடும். தொலைத் தோல் மருத்துவத்திலும் அந்த இலைகள் இருக்கின்றன. எத்தனை படங்களுக்கு ‘நேரில் அழைத்து வாருங்கள்’ என்று பதில் போயிற்று? எத்தனை படங்களைத் திரும்ப எடுக்கச் சொன்னார்கள்? ஓர் ஆண்டு கழித்து எத்தனை நிபுணர்கள் இன்னும் அந்தப் பணியில் இருக்கிறார்கள்? இவை யாரையும் கேட்காமலே கிடைக்கும் எண்கள்.

இந்தியாவில் இதற்கான விதிகள் 2020 மார்ச் 25 அன்று, ஊரடங்கு தொடங்கிய நாளில் வந்தன. 16 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்குத் தொலை ஆலோசனை என்றால் பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும், அவர் யார் என்பதை மருத்துவர் உறுதி செய்துகொள்ள வேண்டும். முதல்முறை வீடியோவில் பார்த்தே எழுதித் தரலாம் என்று அந்த விதிகள் அனுமதித்த மருந்துகளில் தோல் களிம்புகள் இருக்கின்றன: க்ளோட்ரிமஸோல், மியூபிரோசின், காலமைன், பென்சைல் பென்சோயேட். அதே ஆண்டு ஏப்ரலில் மத்திய அரசின் தொலை மருத்துவத் திட்டமான இ-சஞ்சீவனியின் புறநோயாளர் சேவை தொடங்கியபோது, முதல் மாதங்களில் அதை மிகுதியாகப் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் நின்றது. ஆக, இங்கே நிறையக் குழந்தைகளின் படர்தாமரையும் சொறியும் செல்போன் திரையில் பார்க்கப்பட்டிருக்கின்றன, இனியும் பார்க்கப்படும்.

இத்தகைய சேவைகளை நடத்தும் அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். படிவத்தைச் சுருக்குங்கள். 1 முதல் 5 வரையிலான கோட்டை எடுத்துவிட்டு, மருத்துவரின் பெயரைக் கேட்காமல், ‘இன்று திரையில் பார்த்தவர்களில் எந்தக் குழந்தையை நேரில் பார்த்திருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள், ஏன்?’ என்று ஒரே ஒரு கேள்வி வையுங்கள். கீழே நாலு வரி எழுத இடம் விடுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்பதை அதே மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல்: படம் எடுக்குமுன் பவுடரையும் எண்ணெயையும் துடைத்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் எடுங்கள். கிட்டத்தில் ஒன்று, உடம்பில் எந்த இடம் என்று தெரியும்படி எட்டத்தில் ஒன்று. பூசிய க்ரீமின் டியூபையும் தனியாக ஒரு படம் எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள்.